புது ஆல்பம்: மூன்றாவது முறைக்குப் பிறகு வாயைத் திறக்கலாம்

வெள்ளிக்கிழமை விடிந்ததுமே "கேட்டாச்சா? எப்படி இருக்கு?" என்ற கேள்வி வந்துவிடும். 2015 ஜூலை 10 முதல் உலகம் முழுக்கப் புது ஆல்பங்களுக்கு வெள்ளிதான் நாள். அதற்கு முன் அமெரிக்காவில் செவ்வாய், இங்கிலாந்தில் திங்கள் என்று நாட்டுக்கொரு கிழமை இருந்தது. இப்போது எல்லோரும் ஒரே நாளில் கேட்பதால் காலைக் காபிக்குள் தீர்ப்பும் எழுதிவிடுகிறார்கள். "சுமார்", "பழைய ஆல்பம் மாதிரி இல்ல", "வேற லெவல்".

இந்தத் தீர்ப்புகளில் பாதி ஆல்பத்தைப் பற்றியதே அல்ல. எந்த வால்யூமில் ஓடியது, எந்தப் பாட்டை முன்பே பத்துத் தடவை கேட்டிருந்தார்கள், ஆப் எதைத் தானாக மாற்றிவைத்தது, இயர்போன் காதில் ஒழுங்காக உட்கார்ந்ததா என்பவற்றைப் பற்றியது. ஸ்வரம், ஸ்கேல் எதுவும் தெரியாத, வேலைக்கு நடுவே பாட்டுக் கேட்கிற ஒருவரின் அபிப்பிராயத்துக்கு மதிப்பு உண்டு என்பது என் கட்சி. பெரும்பாலான ஆல்பங்கள் அவருக்காகத்தான் செய்யப்படுகின்றன. அவர் காதுக்கும் ஆல்பத்துக்கும் நடுவே நிற்கிற சில்லறைச் சமாச்சாரங்களை விலக்கிவிட்டால் போதும், அந்த அபிப்பிராயம் மற்றவர்களுக்கும் பயன்படும்.

ஆப் செய்யும் வேலைகள்

முதல் வேலை, பாட்டுகளை வரிசை கலைத்து ஓட்டும் ஷஃபிளை அணைப்பது. 2021 நவம்பரில் பாடகி அடேலின் ஆல்பம் வந்தபோது, அவர் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, பாட்டுக் கேட்கும் ஆப்பான ஸ்பாட்டிஃபை ஆல்பம் பக்கத்தின் பெரிய பட்டனிலிருந்து ஷஃபிளை எடுத்தது. ஆனாலும் முன்பு எப்போதோ ஷஃபிளைப் போட்டிருந்தால் அது அப்படியே தொடரலாம். "ஸ்மார்ட் ஷஃபிள்" என்பது இன்னும் மோசம். பிளேலிஸ்ட்டில் அதைப் போட்டுவைத்தால் நாம் சேர்க்காத பாட்டுகளையும் நடுவே செருகும்.

அடுத்தது கிராஸ்ஃபேட். ஒரு பாட்டு முடியும் முன்பே அடுத்ததைத் தொடங்கி இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றுகிற வசதி அது. ஸ்பாட்டிஃபையில் 12 விநாடி வரை வைக்கலாம். விருந்துக்கு நல்லது, ஆல்பத்துக்கு விஷம். கடைசி ஸ்வரம் மெல்ல அடங்கி இரண்டு விநாடி மௌனம் வரவேண்டிய இடத்தில் அடுத்த பாட்டின் டிரம் வந்து விழும். "முடிவு அவசரமா இருக்கு" என்று கலைஞரைக் குறை சொல்வோம், குற்றவாளி நம் செட்டிங்ஸ். பூஜ்யத்தில் வையுங்கள். இடைவெளியில்லா ஓட்டம் என்ற வசதி தனியாக இருக்கும், அது இருக்கட்டும். ஒன்றிலிருந்து ஒன்றாக ஒழுகும்படி செய்யப்பட்ட பாட்டுகளுக்கு அது வேண்டும். பழைய எம்பி3 கோப்புகளில் அந்த ஒழுக்கு உடையும். எம்பி3 ஒலியைத் துண்டு துண்டாகச் சுருக்கும்போது கோப்பின் தலையிலும் வாலிலும் கொஞ்சம் வெற்று ஒலி சேர்ந்துவிடும், பிளேயர் அதை வெட்டத் தெரியாததாக இருந்தால் ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவே ஒரு விக்கல் கேட்கும்.

ஆட்டோபிளேயையும் அணைத்துவிடுங்கள். ஆல்பத்தின் கடைசிப் பாட்டு முடிந்ததும் "இதைப் போன்றவை" தானாக ஓடத் தொடங்கும். பாதிக் கவனத்தில் கேட்பவருக்கு ஆல்பம் எங்கே முடிந்தது என்றே தெரியாது. "கடைசியில் ஒரு பாட்டு சூப்பர்" என்று சொல்லி, அது வேறு யாருடையதோ என்று பிறகு தெரியவந்தவர்கள் உண்டு.

தரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வைஃபைக்கும் மொபைல் டேட்டாவுக்கும் தனித்தனி அளவு இருக்கும். டேட்டா சேமிப்பு முறையில் இருந்தால் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். ஸ்பாட்டிஃபையின் படிகள் விநாடிக்குச் சுமார் 24, 96, 160, 320 கிலோபிட். 24-இல் சிம்பலும் கைத்தட்டலும் தண்ணீருக்கடியில் கேட்பதுபோல் சுழலும், அதை வைத்து எந்தத் தீர்ப்பும் சொல்லக்கூடாது. 160-க்கு மேலே போனபிறகு, எது எது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டால் பெரும்பாலோருக்குக் கண்டுபிடிப்பது கடினம். லாஸ்லெஸ் (ஒலியில் எதையும் இழக்காத சுருக்கம்) இருந்தால் நல்லதுதான். ஆனால் "லாஸ்லெஸில் கேட்டால்தான் இந்த ஆல்பம் புரியும்" என்று யாராவது சொன்னால் புன்னகைத்துவிட்டு நகரலாம். ப்ளூடூத்தில் கவனிக்கவேண்டியது கோடெக் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) பெயர்களைவிட மைக். கணினியில் ஏதாவது மீட்டிங் ஆப் ஹெட்செட்டின் மைக்கைப் பிடித்து வைத்திருந்தால் இணைப்பு அழைப்பு முறைக்கு மாறி, பாட்டு மொத்தமும் மோனோவாக, டெலிபோனில் கேட்பதுபோல் சுருங்கிவிடும். ஆப்பை மூடினால் உடனே சரியாகும்.

ஆப்பிள் மியூசிக்கில் 2021 ஜூனிலிருந்து, ஒலி நம்மைச் சுற்றிலும் வருவதுபோல் அமைக்கும் டால்பி அட்மாஸ் வந்திருக்கிறது. இது அதே பாட்டின் "மேம்பட்ட தரம்" என்று பலர் நினைக்கிறார்கள். அது வேறொரு மிக்ஸ், அதாவது குரலையும் வாத்தியங்களையும் வேறு விதமாகக் கலந்த கலவை. வேறு ஆள், வேறு ஸ்டுடியோ, சில சமயம் வேறு மாதம். அட்மாஸ் மிக்ஸின் சராசரி உரப்பு −18 எல்யுஎஃப்எஸ்ஸைத் (உரப்பின் அலகு, எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் கூடும்) தாண்டக்கூடாது என்ற விதியும் உண்டு, வழக்கமான ஸ்டீரியோ மாஸ்டர்கள் (வெளியீட்டுக்கான இறுதி ஒலிப் பிரதிகள்) அதைவிட நிறையவே உரக்க இருக்கும். "குரல் பின்னால் போய்விட்டது, பன்ச் இல்லை" என்ற புகாரில் கணிசமானது இதனால் வருவது. முதல் முறை ஸ்டீரியோவில் கேளுங்கள். பிடித்திருந்தால் அட்மாஸைத் தனியாக, வேறொரு பதிப்பாக மதித்துக் கேட்கலாம்.

ஈக்வலைசர், பேஸ் பூஸ்ட், "ராக்" "பாப்" என்ற முன்னமைவுகள் எல்லாவற்றையும் கேட்டு முடிக்கும்வரை அணையுங்கள். பச்சைக் கண்ணாடி போட்டுக்கொண்டு புடவை நிறம் பார்க்கிற கதையாகிவிடும். ஹெட்போனுடன் வரும் ஆப்பிலும் ஓர் ஈக்வலைசர் ஒளிந்திருக்கும், அதை மறக்கிறவர்கள்தான் அதிகம்.

சத்தம்தான் பெரிய ஏமாற்றுக்காரன்

இரண்டு பாட்டுகளில் ஒன்று ஒரு டெசிபல் உரக்க ஓடினால், "இது சத்தமாக இருக்கிறது" என்று காது சொல்வதில்லை. "இது தெளிவாக, நெருக்கமாக, உயிரோடு இருக்கிறது" என்கிறது. மாஸ்டரிங் செய்பவர்கள் இதற்குப் பயந்தே எதை ஒப்பிட்டாலும் முதலில் உரப்பைச் சமப்படுத்துகிறார்கள். நாம் செய்வதில்லை. அதனால் உரக்க மாஸ்டர் செய்யப்பட்ட ஆல்பம் முதல் பத்து நிமிடம் ஜெயிக்கும், பிறகு காதைக் களைக்கவைக்கும்.

1990-களிலிருந்து ஆல்பங்கள் வருடத்துக்கு வருடம் உரத்துக்கொண்டே போனதற்கு இதுதான் காரணம். டிஜிட்டலில் உச்ச அளவுக்கு மேலே இடம் கிடையாது. எனவே லிமிட்டரைப் போட்டு உச்சங்களை நசுக்கி, மிச்சத்தை மேலே தூக்கினார்கள். 2008-இல் மெட்டாலிக்கா என்ற ராக் இசைக்குழுவின் "டெத் மேக்னடிக்" வந்தபோது, அதே பாடல்கள் "கிட்டார் ஹீரோ" வீடியோ கேமில் நசுங்காமல் இருப்பதை ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள். ஒரே ஒலிப்பதிவு, ஒரே பாட்டு. குறுந்தட்டில் டிரம் கரகரத்தது, கேமில் சுத்தமாக விழுந்தது. இசைக்குழுவுக்குப் பெயர் கெட்டதற்கு அன்று இசை காரணமில்லை.

இப்போது ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் உரப்பைச் சமப்படுத்துகின்றன. ஸ்பாட்டிஃபையில் இயல்பான அமைப்பு −14 எல்யுஎஃப்எஸ், "லவுட்" −11, "குவயட்" −19. ஆப்பிளின் சவுண்ட் செக் −16. யூடியூப் −14-க்கு இறக்குமே தவிர, மெதுவாக இருப்பதை ஏற்றாது. இந்தச் சமப்படுத்தலை அணைக்கச் சொல்லும் ஆலோசனை நிறையக் கண்ணில் படும். ஆல்பங்களை ஒப்பிட உட்காருபவருக்கு அது தவறான ஆலோசனை. இயங்கட்டும். −7-இல் மாஸ்டர் செய்த பாட்டை ஆப் 7 டெசிபல் இறக்கும், அதன் டிரம் அடிகளும் கூடவே இறங்கும். −14-இல் வந்த பாட்டை அப்படியே விடும், அதன் டிரம் அடிகள் சராசரிக்கு மேலே எகிறி நிற்கும். நசுக்கியது எது, மூச்சு விடுவது எது என்பது அப்போதுதான் நியாயமாகத் தெரியும்.

இதில் ஒரு பொடி எழுத்து உண்டு. ஆல்பத்தை வரிசையாக ஓட்டும்போது ஸ்பாட்டிஃபை மொத்த ஆல்பத்துக்கும் ஒரே அளவு ஏற்ற இறக்கம் செய்கிறது. ஷஃபிளில் அல்லது பிளேலிஸ்ட்டில் ஓட்டினால் பாட்டுக்குப் பாட்டு தனியாகச் செய்கிறது. ஒரு குரலும் ஒரு பியானோவும் மட்டும் உள்ள அமைதியான பாட்டு, ஆல்பத்தில் முன்பாட்டைவிட மெல்ல வரவேண்டும் என்றுதான் வைக்கப்பட்டிருக்கும். பிளேலிஸ்ட்டில் அது முன்பாட்டுக்குச் சமமாக ஏற்றப்பட்டு முகத்துக்கு நேரே வந்து கத்தும். ஆல்பத்தை ஆல்பமாகக் கேளுங்கள் என்று சொல்வதற்கு இதைவிட உருப்படியான காரணம் எனக்குத் தெரியாது.

வால்யூம் எவ்வளவு? குறைத்து வைத்தால் பேஸும் உச்ச அலைவரிசைகளும் முதலில் காணாமல் போகும். காதின் இந்தக் குணத்தை பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே வரைபடமாகப் போட்டுவிட்டார்கள். மெல்லிய சத்தத்தில் கேட்டுவிட்டு "ஒல்லியா இருக்கு" என்பது ஆல்பத்தின் குறையல்ல. கூட்டி வைத்தால் எல்லாமே பிரமாதமாகத் தெரியும், அதுவும் பொய். எளிய வழி: நன்றாகப் பழகிய, மிக்ஸிங் பிடித்த ஒரு பழைய பாட்டை எடுத்து, பாடகர் எதிரே உட்கார்ந்து பேசுகிற அளவுக்குக் குரல் கேட்கும்படி வையுங்கள். வால்யூம் எத்தனை படி என்று எண்ணிக்கொள்ளுங்கள். புது ஆல்பத்தையும் அதே ஆப், அதே ஹெட்போன், அதே படியில் போடுங்கள். சமப்படுத்தும்போது குரலைப் பிடித்துக்கொள்வது நல்லது. டிரம்மையோ பேஸையோ வைத்துச் சமப்படுத்தினால் கை தானாக மேலே போகும். காதின் நலத்துக்கும் இந்த அளவு பாதுகாப்பானது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். 90 டெசிபலுக்குப் போனால் 4 மணி நேரம்தான்.

இயர்போன் விஷயத்தில் ஒரே ஒரு சோதனை. பாட்டு ஓடும்போது இரண்டு பக்கமும் லேசாக உள்ளே அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் பேஸ் கூடினால், ரப்பர் முனை உங்கள் காதுக்குச் சிறியது. ஒலி கசிகிறது, கசியும்போது முதலில் ஓடிப்போவது பேஸ்தான். ஒரு அளவு பெரிய முனையை மாற்றுங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவாக இருக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கைபேசி ஸ்பீக்கரை நம்பாதீர்கள். சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் மிகக் குறைவாகவே வரும், பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. பாட்டின் அஸ்திவாரம் இல்லாமலேயே வீட்டைப் பார்த்ததாகிவிடும்.

மூன்று முறை, மூன்று விதமாக

முதல் முறை வரிசைப்படி, நிறுத்தாமல், தாண்டாமல். பாடல் வரிகளைத் திறக்கவேண்டாம். ஓடும் வரிகள் அடுத்து என்ன வரப்போகிறது என்பதை முன்கூட்டியே காட்டிவிடும், கண் படிக்கத் தொடங்கினால் காது பாதி கடையை மூடிவிடும். கையில் ஒரு தாள் மட்டும். அதில் பாராட்டோ குறையோ எழுதவேண்டாம். கவனம் நழுவிய இடங்களில் பாட்டு எண்ணையும் நேரத்தையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். "4 – 2:15", "9 – 0:50" என்று. சாதாரண ரசிகரிடம் இருக்கிற மிகத் துல்லியமான கருவி இந்த நழுவல்தான். இரண்டாம், மூன்றாம் முறையிலும் அதே 4-ஆம் பாட்டின் அதே இரண்டாவது நிமிடத்தில் கை கைபேசிக்குப் போனால், குறை பாட்டில். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் போனால், குறை கேட்டவரின் தூக்கத்திலோ வேலையிலோ.

இரண்டாம் முறை மறுநாள். அன்றைக்கே திரும்பக் கேட்டால் காது களைத்திருக்கும், மனமும் முதல் அபிப்பிராயத்தை நிரூபிக்கப் பார்க்கும். இந்த முறை நடுவிலிருந்து தொடங்குங்கள். 12 பாட்டு என்றால் 7-இலிருந்து. எல்லா ஆல்பத்திலும் முதல் மூன்று பாட்டுக்குப் புத்தம்புதுக் காது கிடைக்கிறது, ஒன்பதாவதுக்கு மிச்சம்மீதிதான் கிடைக்கிறது. "பின்பாதி தொய்வு" என்பது விமர்சனங்களில் அடிக்கடி வரும் வாசகம். பின்பாதியை முதலில் கேட்டபின்பும் அது உண்மையாக இருந்தால்தான் அது ஆல்பத்தின் தொய்வு.

பின்பாதி உண்மையிலேயே தொய்வதற்கும் காரணங்கள் இல்லாமல் இல்லை. 1948-இல் வந்த எல்பி தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 22 நிமிடம். தட்டைத் திருப்பிப் போடவேண்டும் என்பதால் இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு இன்னொரு தொடக்கமாக இருந்தாக வேண்டும். ஊசி மையத்தை நெருங்க நெருங்கத் தட்டின் பள்ளக்கோடு ஊசியைக் கடக்கும் வேகம் குறைந்து ஒலி மங்கும், அதனால் அடங்கிய பாட்டுகளைப் பக்கத்தின் கடைசியில் வைப்பது வழக்கமாயிற்று. 1982-இல் குறுந்தட்டு வந்ததும் 74 நிமிடம் கிடைத்தது. திருப்பவேண்டாம், நிரப்பவேண்டும். ஸ்ட்ரீமிங்கில் அந்த எல்லையும் போனது. பாட்டுகள் கூடக்கூட ஓட்டங்களும் கூடும், தரவரிசைகளில் அந்த ஓட்டங்கள் ஆல்பக் கணக்கில் சேரும். ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால் ஒரு ஓட்டம் என்பதால் முன்னிசை குறுகி, பல்லவி முன்னுக்கு வந்துவிட்டது. 22 பாட்டு கொண்ட ஒரு புது ஆல்பத்தில் கடைசி எட்டு உயிரில்லாமல் இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அதற்காகக் குறையைச் சொல்லாமல் விடவேண்டியதும் இல்லை. 45 நிமிடத்தில் சொல்லவேண்டியதை 80 நிமிடமாக இழுத்தார்கள் என்பது இசை தெரியாத எவரும் தைரியமாகச் சொல்லக்கூடிய, பெரும்பாலும் சரியாகவே இருக்கிற விமர்சனம்.

மூன்றாம் முறை வேறு சூழலில்: நடக்கும்போது, பாத்திரம் கழுவும்போது, முன்பு இயர்போன் என்றால் இப்போது ஸ்பீக்கரில். முதல் இரண்டு முறையில் தோன்றிய ஒலிக் குறைகளை இங்கே சரிபார்க்கலாம். பாடகரின் "ஸ", "ச" ஒலிகள் இயர்போனில் மட்டும் காதைக் கீறினால் அது இயர்போனின் குணம், ஸ்பீக்கரிலும் கீறினால் மிக்ஸின் குறை. குரல் வாத்தியங்களுக்கு அடியில் அமுங்குகிறதா, பேஸும் கிக் டிரம்மும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஒன்றோடொன்று சேறாகக் குழைகிறதா, எல்லாவற்றுக்கும் இதே இரண்டு கருவிச் சோதனைதான். இன்னொன்று: பல்லவி வரும்போது பாட்டு பெரிதாக விரிகிறதா? சரணமும் பல்லவியும் ஒரே உயரத்தில் சுவர்போல் நின்றால், நசுக்கிய மாஸ்டர் என்று சந்தேகப்படலாம். ஸ்நேர் டிரம் "டக்" என்று விழாமல் "தப்" என்று அமுங்கினால் சந்தேகம் உறுதிப்படும்.

வரிகளைப் படிப்பது இந்த மூன்றுக்கும் பிறகு. கிரெடிட்ஸையும் அப்போது பாருங்கள். 14 பாட்டுக்கு 11 தயாரிப்பாளர்கள் என்றால், "ஒட்டாம இருக்கு" என்று முன்பே தோன்றியதற்கு விளக்கம் அங்கே கிடைக்கும். மற்றவர்களின் விமர்சனங்களையும் அதுவரை தள்ளிப்போடுவது உத்தமம். ஒரு மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டால் பிறகு கேட்பது அதை ஒப்புக்கொள்வதற்கோ மறுப்பதற்கோ ஆகிவிடும்.

முன்பே கேட்ட பாட்டுகளின் சலுகை

ஆல்பம் வருமுன் இரண்டு மூன்று பாட்டுகள் தனியாக, சிங்கிள்களாக வந்துவிடுகின்றன. ஆல்பம் வந்த அன்று "எனக்குப் பிடிச்சது 2, 5, 8" என்று சொல்பவரின் பட்டியலைப் பாருங்கள், அந்த மூன்றும் சிங்கிள்களாகவே இருக்கும். திரும்பத் திரும்ப எதிர்ப்பட்டாலே ஒரு விஷயம் பிடிக்கத் தொடங்குகிறது என்று உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் 1968-இல் எழுதினார். அர்த்தமில்லாத சொற்களில்கூட, அதிகம் பார்த்தவற்றுக்கு நல்ல பொருள் இருக்கும் என்றே அவர் சோதனையில் பங்கேற்றவர்கள் நினைத்தார்கள். தீர்வு எளிது: முதல் சுற்றுத் தீர்ப்பில் சிங்கிள்களைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். மிச்சப் பாட்டுகளில் திரும்பக் கேட்கத் தோன்றுவது எத்தனை? அதுதான் ஆல்பத்தின் எடை. சிங்கிள்கள் மட்டும் மிதந்து மற்றவை மூழ்கினால், அது ஆல்பமல்ல, மூன்று சிங்கிள்களுக்கு வாங்கிய பெட்டி.

"பழைய ஆல்பம் மாதிரி இல்லை" என்பதும் இதே நோயின் இன்னொரு முகம். பழையதை நூறு முறை கேட்டாயிற்று, அதன் குறைகள்கூடப் பழகி அழகாகிவிட்டன. புதியது மூன்று முறைதான். இரண்டையும் ஒரே பந்தயத்தில் ஓடவிட்டால் முடிவு முன்பே தெரிந்ததுதான். ஒப்பிட்டே ஆகவேண்டும் என்றால் பழைய ஆல்பத்தில் நீங்கள் அதிகம் கேட்காத பாட்டுகளை எடுத்துப் புதியவற்றோடு வைத்துப் பாருங்கள். பல சமயம் தீர்ப்பு தலைகீழாகும்.

இதற்கு எதிர்த் திசையிலும் ஒரு பொறி இருக்கிறது. மறுநாள் காலை வாயில் தானாக வந்த மெட்டு நல்ல மெட்டு என்று நினைப்போம். ஒரு பல்லவியை மூன்று நிமிடத்தில் ஏழு முறை திருப்பினால் எதுவும் ஒட்டும். ஒட்டிய மெட்டை இரண்டாவது வாரத்திலும் விரும்பிக் கேட்கிறோமா, துரத்தப் பார்க்கிறோமா என்பதைக் கவனிக்கலாம்.

எழுதும்போது

பத்துக்கு 7.3 என்ற மதிப்பெண்ணால் யாருக்கும் பயனில்லை. அந்த .3 எங்கிருந்து வந்தது என்று எழுதியவருக்கே தெரியாது. பாட்டுகளை மூன்று குவியலாகப் பிரிப்பது மேல்: தேடிப் போய்க் கேட்பவை, ஆல்பம் ஓடினால் கேட்பவை, தாண்டுபவை. ஒரு நிமிட இடைச்செருகல்களையும் பேச்சுத் துண்டுகளையும் எண்ணவேண்டாம். 12 பாட்டில் முதல் குவியலில் நான்கு வந்தால் என் கணக்கில் அது நல்ல ஆல்பம். ஆறு வந்தால் அபூர்வம். மூன்றாம் குவியலில் ஆறு என்றால் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் கவலைக்கிடம்தான்.

"ப்ரொடக்‌ஷன் அருமை" என்ற வாக்கியத்தைத் தடை செய்தால் ரசிகர் விமர்சனங்களின் தரம் ஒரே நாளில் உயரும். அதற்குப் பதில் கேட்டதைச் சொல்லுங்கள்: "6-ஆவது பாட்டில் முதல் சரணம் முழுக்கக் குரலும் ஒரு கிட்டாரும்தான். 1:40-இல் பேஸ் நுழைந்ததும் பாட்டு திடீரென்று கனக்கிறது. ஆனால் 2:50-க்குப் பிறகு அதே பல்லவியை மாற்றமில்லாமல் மூன்று முறை பாடுவதால் அந்தக் கனம் வீணாகிறது." இதில் கலைச்சொல் எதுவும் இல்லை. படிப்பவர் போய்க் கேட்டு ஒப்புக்கொள்ளலாம், சண்டை போடலாம். தெரியாத சொல்லைக் கையாண்டால் மாட்டிக்கொள்வோம். ரிவெர்ப் என்பதும் எக்கோ என்பதும் வேறு, பீட் வேகம் வேறு தாளம் வேறு. ஆட்டோ-ட்யூன் (குரலின் சுருதியைத் திருத்தும் மென்பொருள்) என்று குற்றம் சாட்டுமுன் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குக் குரல் வழுக்குகிறதா, படிக்கட்டில் குதிக்கிறதா என்று கேளுங்கள். குதித்தால் அது பெரும்பாலும் வேண்டுமென்றே வைத்த நிறம். திருத்தம் செய்தே தெரியாமல் போன பாட்டுகள்தான் எண்ணிக்கையில் அதிகம்.

எந்தப் பதிப்பைக் கேட்டீர்கள் என்பதை முதல் வரியிலேயே போடுங்கள். ராப் வரிகளுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக மௌனம் வந்தால், நீங்கள் கேட்டது கெட்ட வார்த்தை நீக்கிய பதிப்பு. தாளமே குலைந்திருக்கும், அசலைத் தேடுங்கள். வெளியான சில மணி நேரத்திலேயே கூடுதல் பாட்டுகளோடு டீலக்ஸ் பதிப்பு வந்துவிடுவதும் உண்டு. அந்தக் கூடுதல்களை ஆல்பத்தின் நீளத்தில் சேர்த்துத் திட்டுவது நியாயமில்லை, அசல் கடைசிப் பாட்டு எது என்று பார்த்து அங்கே நிறுத்துங்கள். ஆல்பமே மாறிக்கொண்டிருக்கவும் கூடும். 2016-இல் ராப் பாடகர் கான்யே வெஸ்ட் தன் "தி லைஃப் ஆஃப் பாப்லோ"வை வெளியிட்டபின் வாரக்கணக்கில் மிக்ஸையும் வரிகளையும் மாற்றிக்கொண்டே இருந்தார், முதல் வாரம் எழுதிய விமர்சனங்கள் இல்லாத ஒலியைப் பற்றிப் பேசின. ஆகவே கேட்ட தேதி, ஆப், ஸ்டீரியோவா அட்மாஸா, எத்தனை பாட்டு கொண்ட பதிப்பு, என்ன ஹெட்போன் ஆகிய ஐந்தையும் ஒரே வரியில் எழுதிவிட்டு விமர்சனத்தைத் தொடங்குங்கள்.